மேலிருந்து கீழே

ஓர் அறைக்கு வர்ணம் பூசுவதில் எது முதல், எது கடைசி என்பதைப் பற்றி நம் வீடுகளில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. மட்டையையே கையில் தொட்டறியாதவர்களுக்கு அது இன்னும் திடமாக இருக்கும். என் மனைவிக்கு ஜன்னல்தான் முதலில். "சுவர் எங்கே ஓடிப் போகிறது? ஜன்னல் காய்ந்தால்தானே ராத்திரி சாத்தலாம்? கொசுவுக்கு நீங்களா பதில் சொல்லப் போகிறீர்கள்?" என்பாள்.

பொங்கலுக்கு முன் வெள்ளையடித்த காலத்தில் இந்த விவாதமே கிடையாது. கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, துளி நீலம் கலந்து உச்சியிலிருந்து தொடங்குவார்கள். சொட்டுவதெல்லாம் கீழே சொட்டும். கீழே இருப்பதற்கு இன்னும் முறை வரவில்லை, அவ்வளவுதான். பூசும்போது வெறும் தண்ணீராகத் தெரிகிற சுண்ணாம்பு காயக் காய வெளுக்கும். பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு இறுகும். இப்போது பட்டி, பிரைமர், எமல்ஷன், எனாமல் என்று சமாசாரம் பெருகிவிட்டது. ஆகையால் விவாதமும் பெருகிவிட்டது.

சென்ற ஆண்டு என் மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வருவதாக இருந்தோம். அவளுக்கென்று ஒதுக்கிய அறை என் தகப்பனார் கட்டியது. வளைகாப்புக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. வந்த பெயிண்டர் அறுபதைத் தாண்டியவர். அறையின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "சீலிங், சுவரு, மரம், கடைசியில தரை" என்றார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

அவர் சீலிங் அடித்ததை நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நாவலாசிரியனுக்கு இப்படி வேடிக்கை பார்ப்பதும் உத்தியோகத்தில் சேர்ந்தது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். வெளிச்சம் வருகிற பக்கத்திலிருந்து தொடங்கி உள்ளே போனார். ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த பட்டையைச் சேர்த்துவிட வேண்டும். பாதியில் காப்பிக்கு இறங்கினால் அந்த இடத்தில் கோடு விழுந்துவிடும், அப்புறம் ஆயுசுக்கும் கண் அங்கேதான் போகும். காப்பி ஆறியது; அவர் இறங்கவில்லை.

ஆனால் இதெல்லாம் இரண்டாம் நாள் கதை. முதல் நாளே அவர் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு நேரே ஜன்னலிடம் போனார். என் மனைவியின் முகத்தில் வெற்றி தெரிந்தது.

"மரம் கடைசி என்றீர்களே?" என்றேன்.

"வர்ணம் கடைசி, சார். தேய்க்கிறது முதல்லே. சுவரு முடிஞ்சப்புறம் மரத்தைத் தேய்ச்சா, தூசி பூரா புதுச் சுவர்ல போய் உட்காரும்."

அப்படியானால் பூசுவது மேலிருந்து கீழே. சுரண்டுவதும் பட்டி பார்ப்பதும் எல்லாவற்றுக்கும் முன்னால். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் எங்கள் வீட்டில் இத்தனை வருஷம் சண்டை நடந்திருக்கிறது.

அவர் வறட்டுத் தாளால் முதல் இழுப்பு இழுத்தபோது நான் எழுந்துவிட்டேன். அந்த ஜன்னலில் ஐம்பது அறுபது வருஷத்து எனாமல் பூச்சுப் பூச்சாக இருந்தது. பழைய எனாமலில் காரீயம் கலந்திருப்பது சகஜம். நம் நாட்டில் பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதியை 2016-இல்தான் வெளியிட்டார்கள். அது அமலுக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்திய பூச்சில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தத் தூள் வயிற்றிலிருக்கும் சிசுவுக்கும் தவழும் குழந்தைக்கும் பொல்லாதது; மூளை வளர்ச்சியையே கெடுக்கும். சொன்னேன். பெரியவர் சிரித்தார்.

"நாப்பது வருசமா தேய்ச்சுக்கிட்டுதானே இருக்கேன்!"

என் மனைவி ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியும் கொண்டுவந்து வைத்தாள். "நனைச்சே தேயுங்க, பெரியவரே. கெட்டியா ஒட்டிக்கிட்டு இருக்கிறதைச் சுரண்டவே வேண்டாம். அது மேலேயே பூசிடலாம். சாப்பிடறதுக்கு முன்னாலே சோப்புப் போட்டுக் கை கழுவணும்" என்றாள். தரையில் பிளாஸ்டிக் விரிப்பை விரித்தோம். அன்று மாலை துடைப்பத்தைத் தொடவில்லை; ஈரத்துணியாலேயே துடைத்தோம்.

மத்தியானம் அவர் குழாயடியில் வெகுநேரம் கை கழுவினார். பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமையிலே என் பேரன் கூட வருவான், சார். ஏழு வயசு. நான் தேய்க்கிற இடத்திலேயேதான் விளையாடுவான்" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. என் மனைவிதான், "இனிமே கூட்டிக்கிட்டுப் போகாதீங்க. ஒரு தடவை ஆஸ்பத்திரியிலே ரத்தம் பரிசோதிச்சுடுங்க. இந்தச் சட்டையோட அவனைத் தூக்கவும் வேண்டாம்" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு டப்பாவைத் திறந்தார்.

ஜன்னலுக்குக் கடைசிப் பூச்சை ஒரு நாள் காலை ஏழு மணிக்கே முடித்துவிட்டார், ராத்திரி சாத்துவதற்குத் தோதாக. அதற்கப்புறம் சிவப்புக் காவித் தரையைக் கழுவினோம். மகள் வந்த பிறகும் வாசனை போகும்வரை ஒரு வாரம் கூடத்திலேயே படுத்திருந்தாள்.