பாஸ்வேர்டு போன கார்

பழனி பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது அந்தப் பட்டறை. மெக்கானிக்குக்கு அறுபத்தைந்து வயது. ஸ்க்ரூடிரைவர் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியில் காதைக் கொடுத்தாரென்றால் அம்பாசடர் தன் நோயைத் தானே சொல்லிவிடும். இளவயதில் சென்னையில் வேலை பார்த்தபோது சோழவரம் ரேஸை விட்டதில்லை. போர்க்கால விமான ஓடுதளத்தில் கார்கள் சீறியதைச் சொல்லத் தொடங்கினால் டீ ஆறிவிடும்.

போன மாதம் அக்கா மகன் கோவையிலிருந்து போன் செய்தான். இன்ஜினீயரிங் மாணவன்.

"மாமா, எங்க காலேஜ் ரேஸ் கார் ஸ்டார்ட் ஆகல. ஒருதடவை வந்து பாருங்களேன்."

மூன்று வருடங்களுக்கு முன் சீனியர்கள் செய்த கார் அது. பைக் எஞ்சின், ஒற்றை சீட். மாமா பெட்ரோல் பார்த்தார், பேட்டரி பார்த்தார், பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். எல்லாம் சரி. கெட்டுப்போன ஒரு சென்சாரைப் பையன்கள் மாற்றியிருந்தார்கள். புதிய சென்சாரை எஞ்சினின் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்த வேண்டும். அதற்கு பாஸ்வேர்டு வேண்டும். போட்டுவைத்த சீனியர் வெளிநாட்டில். அவர் வைத்திருந்த லேப்டாப்பை யாரோ ஃபார்மட் செய்துவிட்டார்கள்.

"புஷ் தேஞ்சா லேத்துல கடைஞ்சுக்கலாம். இதை எங்கடா மாப்ள கடையறது?" என்றார் மாமா.

திரும்பும் பஸ்ஸில் உடுமலை தாண்டும்வரை அவர் பேசவில்லை. கூடவே வந்த மருமகன்தான் சமாதானமாகச் சொன்னான்: இது நம் காலேஜ் கதை மட்டுமில்லை. 1990களில் வந்த மெக்லாரன் எஃப்1 காரை மொத்தமே 106 தான் செய்தார்கள். அதன் ரேஸ் வடிவம் 1995-ல் லெ மான்ஸ் பந்தயத்தில் ஜெயித்தது. விலை இன்று பல கோடி. ஆனால் அதைச் சர்வீஸ் செய்ய 90களின் ஒரு காம்பேக் லேப்டாப் தேவைப்பட்டது. அதில் மட்டுமே பொருந்தும் ஒரு தனி கார்டு வழியாகத்தான் காரோடு பேச முடியும். காரைவிடப் பழைய லேப்டாப்பைப் பத்திரமாகக் காக்க வேண்டிய நிலை!

1967-ல் வந்த காஸ்வொர்த் டி.எஃப்.வி. எஞ்சின் கார்கள் இன்றும் மொனாக்கோவின் பழைய கார் பந்தயத்தில் ஓடுகின்றன. அதற்கு உதிரி பாகம் செய்யக் கைகள் இருக்கின்றன. நம் கோவை நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஓட்டிய ஜோர்டான் காலத்து வி10 எஞ்சின்களோ வேறு ஜாதி. எண்ணெயையும் தண்ணீரையும் வெளியிலிருந்து சூடாக்கி ஏற்றி, கம்ப்யூட்டரில் எல்லாம் சரிபார்த்த பிறகுதான் உயிர் கொடுக்க முடியும். ஜோர்டான் என்ற அணியின் பெயரே அந்த வருடத்தோடு போய்விட்டது. இப்போதைய ஹைபிரிட் கார்களை 2060-ல் யார் எழுப்புவார்கள்?

"நம்ம மலை வின்ச் 1966-ல வந்தது. கம்பி தேஞ்சா புதுக் கம்பி. அவ்வளவுதானே!" என்றார் மாமா.

அவருக்குக் கரிவர்தன் நினைவு வந்தது. கோவைக்காரரான அவர், 1980களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி ரேஸ் கார் செய்தார். தெருவில் ஓடும் எஞ்சின் என்பதால் எந்த ஊர்க் கடையிலும் பாகம் கிடைக்கும். அவர் பெயரில்தான் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது.

நாலு நாள் கழித்து ராத்திரி பதினொன்றரைக்கு மருமகன் வாட்ஸ்ஆப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். சீனியர் எப்படியோ பாஸ்வேர்டை ஞாபகப்படுத்திச் சொல்லிவிட்டாராம். கார் உறுமியது. மாமா மூன்று முறை கேட்டார். ஐடில் கொஞ்சம் அதிகம் என்று பட்டது.

பிறகு போன் போட்டு அந்த பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னார். தகரப் பெட்டியிலிருந்து கிரீஸ் கறை படிந்த நீளநோட்டை எடுத்து, அம்பாசடர் வால்வு இடைவெளிக் கணக்கு இருக்கும் பக்கத்துக்குப் பக்கத்தில், பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எது என்று இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார்.