எழுத்துக்கேற்ற திரை

பாடநூல் பக்கங்களைத் திரையில் சரிபார்ப்பது என் அன்றாடப் பணி. 'ண', 'ன' சுழிகள் மங்கினால் பிழைகள் கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால், புதிய கணினித் திரை வாங்க சிம் லிம் சதுக்கத்திற்குச் சென்றேன்.

கடைக்காரர் 32 அங்குலத் திரையைப் பரிந்துரைத்தார். விலை மலிவு. ஆனால், அதில் இருந்தவை 1920×1080 படப்புள்ளிகளே. ஓர் அங்குலத்திற்கு ஏறத்தாழ 69. அருகிலிருந்த 27 அங்குலத் திரையிலோ 2560×1440, அங்குலத்திற்கு 109.

விளம்பரக் காணொளியில் எந்தத் திரையும் அழகாகத்தான் தோன்றும்! நான் கொண்டுசென்ற தமிழ்ப் பாடத்தை இரண்டிலும் திறந்து பார்த்தேன். பெரிய திரையில் எழுத்தின் விளிம்புகள் சொரசொரப்பாகத் தெரிந்தன. சிறியதில், மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளிகூடத் தெளிவாக இருந்தது. 4கே திரை இன்னும் கூர்மையானது; விலைதான் எனக்கு எட்டவில்லை. 27 அங்குலத் திரையையே வாங்கினேன்.