உங்கள் தெருவில் வண்டி எத்தனை மணி நேரம் நிற்கலாம்? விழுப்புரமும் திண்டிவனமும் சொல்லும் கதை

சென்னையிலிருந்து தெற்கே கிளம்பும் பலரும் இந்த இரண்டு ஊர்களைத் தாண்டித்தான் போகிறார்கள். முதலில் திண்டிவனம். அங்கிருந்து 40 கிலோமீட்டருக்குள் விழுப்புரம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு டீ குடிக்க ஒரு நிறுத்தம், ரயிலில் போகிறவர்களுக்கு இன்ஜின் இளைப்பாறும் ஒரு ஜங்ஷன். ‘நிற்பது’ என்பது இந்த இரண்டு ஊர்களின் பிழைப்போடு கலந்த விஷயம். இப்போது அதே ‘நிற்பது’தான் இங்கே வீடுகள் உள்ள தெருக்களில் தலைவலியாகியிருக்கிறது. நிற்பவை பஸ்ஸோ ரயிலோ அல்ல. பைக்கும் காரும் லோடு ஆட்டோவும்.

ஐந்து திசை ஜங்ஷன்

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து தண்டவாளம் ஐந்து பக்கம் பிரிகிறது. சென்னை, விருத்தாசலம் வழியாக திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, திருவண்ணாமலை வழியாக காட்பாடி, பிறகு புதுச்சேரி. 1993-ல் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகரானதும் கலெக்டர் ஆபீஸ், கோர்ட், புதிய பஸ் ஸ்டாண்டு என ஊர் பெருத்தது. 2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 96 ஆயிரம். ஆனால் பகலில் ஊருக்குள் புழங்குகிறவர்களில் பலர் அந்தக் கணக்கில் இல்லாதவர்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து பைக்கில் வந்து, பைக்கை இங்கே விட்டுவிட்டு, ரயிலிலோ பஸ்ஸிலோ வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள்.

விட்டுவிட்டுப் போகும் இடம் எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்டாண்டில் விட்டால் தினமும் காசு. ஒரு தெரு தள்ளி, வேப்பமர நிழலில், யாரோ ஒருவர் வீட்டுக் காம்பவுண்டு ஓரமாக விட்டால் இலவசம். காலை ஆறு மணிக்கு வந்த வண்டி இரவு எட்டு மணி வரை அசையாது. வீட்டுக்காரருக்கு அது யார் வண்டி என்றே தெரியாது. கோலம் போட வாசல் தெளிக்கும் அம்மா, ஹேண்டில் லாக் போட்ட பைக்கைச் சுற்றித்தான் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

கடைத்தெரு பக்கம் வேறு மாதிரி. நேருஜி சாலை, எம்.ஜி. சாலை, பாகர்ஷா வீதி என்று கடைகள் நெருங்கிய இடங்களில் வண்டி விட இடம் கிடைக்காதபோது, பக்கத்துக் குடியிருப்புத் தெருக்கள்தான் வாகன நிறுத்தம். பண்டிகைக்கு முந்தைய வாரம் என்றால் சொல்லவே வேண்டாம்.

புளியங்காட்டில் கார்கள்

திண்டிவனத்துக்குப் பெயர் வந்தது திந்திரிணி வனத்திலிருந்து என்பார்கள். திந்திரிணி என்றால் புளியமரம். ஊருக்கு நடுவே திந்திரிணீஸ்வரர் கோயில் இருக்கிறது. ஊரை ஒட்டிய கிடங்கல்தான் சங்க காலத்தில் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில் நகரம். அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் மாட்டுவண்டிகளோடு வரும் உப்பு வணிகர்களும் உண்டு. ஆக, வண்டிகள் வந்து நின்று போகும் ஊர் என்ற பேர் இதற்கு சுமார் இரண்டாயிரம் வருடங்களாக இருக்கிறது.

இன்றைக்கும் அப்படித்தான். புதுச்சேரி, மரக்காணம், வந்தவாசி, செஞ்சி வழியாக திருவண்ணாமலை என எல்லா சாலைகளும் இங்கே சேருகின்றன. 2011-ல் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 73 ஆயிரம். கடைவீதி என்றால் நேரு வீதி. அதிலிருந்து பிரியும் குறுக்குத் தெருக்கள் மாட்டுவண்டி காலத்து அகலத்திலேயே இருக்கின்றன. திண்ணை இருந்த இடத்தில் படிக்கட்டும், படிக்கட்டு இருந்த இடத்தில் பைக் ஏற்றும் சிமென்ட் சரிவும் வந்துவிட்டன. அந்தச் சரிவு தெருவில் இரண்டடியைச் சாப்பிட்டுவிட்டது. மிச்சத்தில் நிற்பது கார்.

இங்கே வெளியூர் வண்டிகளோடு உள்ளூர் வண்டிகளும் பிரச்னை. இருபது வருடங்களுக்கு முன்பு கட்டிய வீடுகளில் கார் விட இடம் கிடையாது. பிள்ளைகள் சென்னையில் வேலைக்குப் போய் கார் வாங்கி அப்பா அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வாரம் ஒரு நாள் கோயிலுக்குப் போக எடுப்பார்கள். மற்ற ஆறு நாளும் அது உறை போட்டுத் தெருவில் தூங்கும்.

இருபதடித் தெருவின் கணக்கு

இதில் வாய்த்தகராறைத் தாண்டி ஒரு ஆபத்து இருக்கிறது. இருபதடித் தெருவை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கார் நின்றால், சாக்கடையை ஒட்டிய இடைவெளியையும் சேர்த்து சுமார் ஆறடி போய்விடும். இரண்டு பக்கமும் நின்றால் பன்னிரண்டடி. மிச்சம் எட்டடி. தீயணைப்பு வண்டியின் அகலமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். 108 ஆம்புலன்ஸ் எப்படியோ நுழைந்தாலும், கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரை இறக்க இடமிருக்காது. தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நெஞ்சுவலி வந்தவருக்கு அந்த ஐந்து நிமிடம் பெரிய விஷயம்.

ஒரே பக்கம் மட்டும் வண்டி நின்றால் பதினான்கு அடி கிடைக்கும். தண்ணீர் லாரி, குப்பை வண்டி, காய்கறித் தள்ளுவண்டி எல்லாமே சிரமமில்லாமல் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

‘தெருவில் வண்டி நிறுத்த நேரக் கட்டுப்பாடு என்பதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம்’ என்று பலர் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988-லேயே அதற்கு இடமிருக்கிறது. அதன் 117-வது பிரிவுப்படி, மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ, உள்ளாட்சியைக் கலந்துகொண்டு வண்டிகள் நிற்கும் இடங்களைத் தீர்மானிக்கலாம். ‘எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்’ என்றும் சொல்லலாம், ‘இத்தனை நேரம்தான்’ என்றும் சொல்லலாம்.

127-வது பிரிவு இன்னும் சுவாரஸ்யமானது. பொது இடத்தில் ஒரு வண்டி பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கவனிப்பாரின்றி நின்றால், சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி அதை இழுத்துச் செல்லவோ சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ உத்தரவிடலாம். காலையில் ரயிலேறி இரவில் திரும்புகிறவரின் பைக்கும், வாரம் முழுக்க உறைக்குள் தூங்கும் காரும் இந்தக் கணக்கில் வந்துவிடும்!

இன்னொன்று, பல வீட்டு கேட்டுகளில் நகைக்கடை விளம்பரத்தோடு தொங்கும் ‘நோ பார்க்கிங்’ தகரப் பலகை. வீட்டு வாசலை மறித்து வண்டி நிறுத்துவது 2017-ம் ஆண்டின் ஓட்டுநர் ஒழுங்குமுறை விதிகளின்படி தவறுதான். பலகை இல்லாவிட்டாலும் தவறுதான். ஆனால் காம்பவுண்டு சுவர் நீளத்துக்குத் தெருவே தனக்குச் சொந்தம் என்று கல்லையும் பூந்தொட்டியையும் வரிசையாக வைப்பதற்கு அந்தப் பலகை உரிமை தராது. தெரு எல்லோருக்கும் பொது.

மற்ற ஊர்கள் செய்தது

அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் 1935 ஜூலையில் உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் வந்தது. மணிக்கு ஐந்து சென்ட். கடைத்தெருவில் வேலை செய்கிறவர்களே நாள் முழுக்க வண்டியை விட்டதால் வாடிக்கையாளர்களுக்கு இடமில்லை என்பதுதான் காரணம். ஒரு இடத்தில் ஒரே வண்டி 12 மணி நேரம் நின்றால் பலன் ஒருவருக்கு. ஒரு மணி நேரம்தான் என்று வைத்தால் அதே இடத்தில் 12 பேர் வந்து போகலாம்.

விழுப்புரத்தின் ரயில் பயணிகள் பிரச்னை அமெரிக்காவின் ஆர்லிங்டனிலும் இருந்தது. பக்கத்து அலுவலக வளாகத்துக்கு வருகிறவர்கள் குடியிருப்புத் தெருக்களில் கார்களை விட்டார்கள். வார நாட்களின் பகலில் தெருவாசிகளுக்கும் அவர்களின் விருந்தினர்களுக்கும் மட்டுமே அனுமதி என்று உள்ளாட்சி விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1977-ல் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பானது.

ஜப்பான் 1962-லேயே தனிச் சட்டம் போட்டது. கார் வாங்க வேண்டுமானால் நிறுத்த இடமிருக்கிறது என்று காட்ட வேண்டும். தெருவில் ஒரே இடத்தில் 12 மணி நேரத்துக்கு மேல், இரவில் என்றால் 8 மணி நேரத்துக்கு மேல், நிறுத்தக் கூடாது.

புதுச்சேரியை ஆண்ட பிரான்சில் இரண்டு எளிய வழிகள் உண்டு. ஒன்று, மாதத்தின் முதல் 15 நாள் ஒற்றைப்படை எண் வீடுகள் உள்ள பக்கம், மீதி நாட்கள் இரட்டைப்படைப் பக்கம் நிறுத்துவது. சுமை இரண்டு பக்கத்துக்கும் சமம். இன்னொன்று, 1957-ல் பாரிஸில் வந்த ‘நீல மண்டலம்’. வந்து நிறுத்திய நேரத்தை ஒரு அட்டைக் கடிகாரத்தில் திருப்பி வைத்து, கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட வேண்டும். மெஷின் வேண்டாம், ஆப் வேண்டாம். திண்டிவனம் மாதிரி ஊருக்கு இதைவிட மலிவான ஏற்பாடு கிடைப்பது கஷ்டம்.

யாருக்கு நஷ்டம்?

விதி போடுவதற்கு முன் அடிபடப்போகிறவர்களையும் பார்க்க வேண்டும். வாடகை வீட்டில் இருக்கும் டாக்ஸி டிரைவருக்குத் தெருதான் கார் ஷெட். லோடு ஆட்டோக்காரருக்கும் அப்படியே. சம்பளத்தில் பெரும்பங்கு பயணத்துக்கே போகிற ரயில் பயணிக்கு ஸ்டாண்டு கட்டணமும் ஒரு சுமை. இவர்களைத் தெருவை விட்டுத் துரத்துவது தீர்வாகாது. வேறு இடம் காட்டாமல் நேரம் மட்டும் குறித்தால், வண்டி அடுத்த தெருவுக்குப் போகும். சண்டையும் கூடவே போகும்.

ஆகவே, தெருவுக்குத் தகுந்த நேரம். கடைத்தெருவை ஒட்டிய தெருக்களில் ஒரு மணி. கிளினிக்குகள் உள்ள தெருக்களில் இரண்டு மணி. ஸ்டேஷனைச் சுற்றிய குடியிருப்புகளில் வெளியாருக்குப் பகலில் மூன்று மணி. கூடவே மாதச் சலுகைக் கட்டணத்தில் ஸ்டாண்டு. தெருவாசிகளின் வண்டிகளுக்கு இரவு முழுக்க ஒரு பக்கம் மட்டும் அனுமதி. கல்யாணம், காதுகுத்து, துக்கம் என்றால் விலக்கு. ஷாமியானா போடும் வீட்டுக்காரரிடம் கடிகாரத்தைக் காட்ட நம் ஊரில் யாரும் துணிய மாட்டார்கள், துணியவும் வேண்டாம்.

இதை எங்கே பேசுவது? 2022 நவம்பர் 1 முதல் தமிழக நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. விழுப்புரத்தில் 42 வார்டுகள், திண்டிவனத்தில் 33. பொதுவாக அங்கே குடிநீரும் தெருவிளக்கும் பேசப்படும். அந்தப் பட்டியலில் பார்க்கிங்கையும் சேர்க்கலாம். தெருவின் அகலத்தை டேப் வைத்து அளந்து, இரவு பத்து மணிக்கும் பகல் பதினொரு மணிக்கும் எத்தனை வண்டி நிற்கிறது என்று ஒரு வாரம் எண்ணி எழுதிக்கொண்டு போனால், கவுன்சிலரால் தட்டிக்கழிக்க முடியாது. கலெக்டருக்கும் போலீசுக்கும் போகும் மனுவுக்கு அதே தாள் போதும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. காரில் ஒரு தாளில் போன் நம்பரை எழ்தி வைத்துவிட்டுப் போவது. நடுராத்திரியில் ஆம்புலன்ஸ் வந்தால், எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் தெருவே தவிக்காது.