பன்னெண்டு, பதினொண்ணு, பன்னெண்டு

"நர்சம்மா ரிட்டயர் ஆக இன்னும் எட்டு மாசம்தான் இருக்கு. அதுக்குள்ள ஒரு தடவை வந்து பார்த்துடு" என்று பள்ளித் தோழர் நச்சரித்துக்கொண்டே இருந்தார். அவருடைய அக்கா பிள்ளைகள் இருவரையும் பூமிக்கு இறக்கியவர் அந்த நர்சம்மா. திருத்துறைப்பூண்டியிலிருந்து உள்ளே தள்ளி, வாய்க்கால் கரையோரம் இரண்டு அறைகள் கொண்ட துணை சுகாதார நிலையம். வாசலில் ஐந்தாறு ஜோடிச் செருப்பு.

எடை, ரத்த அழுத்தம், சிறுநீரில் அல்புமின் என்று சோதனைகள் வரிசையாக நடந்தன. அவற்றில் என் மனம் ஒட்டவில்லை. கண் மேஜை மேல் கிடந்த அலுமினியக் குழலில் நின்றுவிட்டது. சாண் நீளம். ஒரு முனை நாயனத்தின் அணசுபோல் விரிந்திருக்கிறது. மறுமுனையில் காது பதிய ஒரு வட்டத் தட்டு. வயிற்றுப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் ஃபீட்டோஸ்கோப். பிரெஞ்சு மருத்துவர் அடால்ஃப் பினார்டு 1895-ல் மரத்தில் வடித்த வடிவம், இன்றும் பெரிதாக மாறவில்லை. பேட்டரி வேண்டாம், சார்ஜ் போட வேண்டாம்.

திரைக்கு அந்தப் பக்கம் போக எனக்கு அனுமதியில்லை, நியாயம்தான். குரல் மட்டும் வந்தது. "பன்னெண்டு... பதினொண்ணு... பன்னெண்டு..."

வெளியே வந்ததும் தலையணை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு விளக்கினார். "ஐஞ்சு செகண்டுக்கு எத்தனை துடிப்புன்னு எண்ணணும் தம்பி. பன்னெண்டால பெருக்குங்க." பன்னிரண்டு என்றால் நிமிடத்துக்கு 144. நூற்றுப் பத்திலிருந்து நூற்று அறுபதுக்குள் இருந்தால் பயமில்லை. ஆனால் எண்ணுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். குழந்தையின் முதுகு எந்தப் பக்கம் என்று கை கண்டுபிடிக்க வேண்டும். முதுகு வழவழவென்று ஒரே வளைவாகத் தட்டுப்படும். கை கால் இருக்கும் பக்கம் முண்டு முண்டாக இருக்கும். துடிப்பு முதுகுப் பக்கம்தான் தெளிவாகக் கேட்கும். தாயின் நாடியையும் கூடவே பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அம்மாவின் துடிப்பைப் பிள்ளையுடையது என்று எழுதிவிட நேரும்.

1991-ல் வேலைக்குச் சேர்ந்தபோது பிரசவம் பார்ப்பதுதான் அவர் வேலையின் நடுநாயகம். சைக்கிள் கேரியரில் பை. பைக்குள் பிளேடு, நூல், கையுறை. ஒரு ஐப்பசி மழையில், அரிக்கேன் வெளிச்சத்தில் பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. அதன் பிறகு ரத்தம் நிற்கவில்லை. டிராக்டர் டிப்பரில் வைக்கோல் பரப்பி அந்தப் பெண்ணைக் கிடத்தி, வழி நெடுக வயிற்றைத் தேய்த்துக்கொண்டே தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிழைத்துக்கொண்டாள்.

"அந்தக் காலம் நல்லா இருந்துச்சுன்னு எழுதிடாதீங்க" என்றார், என் நோட்டைப் பார்த்தபடி. அப்படித்தான் எழுத நினைத்திருந்தேன்.

இன்று தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். 2018–20 கணக்கின்படி உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இங்கே இறந்த தாய்மார் 54 பேர். இந்திய அளவில் 97. அந்த வித்தியாசத்துக்குப் பின்னால் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட துணை நிலையங்களின் நர்சம்மாக்கள் தெருத்தெருவாக அலைந்த அலைச்சலும் இருக்கிறது.

கணக்கின் மறுபக்கமும் உண்டு. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சிசேரியன் விகிதம் 2015–16-ல் 34.1 சதவீதம், 2019–21-ல் 44.9. தனியாரில் மட்டும் 63.8. தேவைப்படுகிறவளுக்கு அது உயிர் காக்கும் கத்தி. ஆனால் மூன்று பெண்களில் இருவருக்கு எப்படித் தேவைப்படும்? வலி வந்தவள் பக்கத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்க ஆள் வேண்டும். அப்படி உட்காருவதற்குப் பில் போட முடியாது. இயல்பான பிரசவத்தை நர்சுகளே நடத்தத் தனியாக 18 மாதப் பயிற்சி தரும் திட்டத்தை மத்திய அரசு 2018-ல் அறிவித்தது. இங்கேயோ, அந்தக் கை ஏற்கெனவே உள்ள ஒருவரிடம் நாம் கொடுத்திருப்பது மொபைலும் பதிவேடுகளும்.

கர்ப்பிணியைப் பதிவுசெய்து பிக்மி நம்பர் போடணும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கு விவரம் ஏற்றணும். பணம் வரத் தாமதமானால் வாசலில் வந்து ஏசுவதும் இவரைத்தான். ஏற்ற உட்கார்ந்தால் சிக்னல் இருக்காது. மொட்டை மாடிக்கு ஏறுவார். முழங்கால் வலியோடு அவர் அந்தப் படியில் ஏறுவதைப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு வரவில்லை, பழகிவிட்டது.

மதியம் புதிதாகச் சேர்ந்த நர்சுப் பெண் திரைக்குள் போனாள். வெகுநேரம் சத்தமில்லை.

"கேக்கலைக்கா."

"குழலைப் பிடிச்சுக்கிட்டா எப்படிடி கேக்கும்? கையை எடு. காதே தாங்கும்."

சற்று நேரம் மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது. பிறகு மெல்ல, "பதினொண்ணு... பன்னெண்டு..." என்று அவள் குரல். மேஜை மேல் போன் அடித்தது. பிளாக்கிலிருந்து, இன்றைய என்ட்ரி இன்னும் வரவில்லையாம். எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

"அவங்க கெடக்காங்க, நான் பேசிக்கிறேன்" என்று நர்சம்மா போனை எடுத்துக்கொண்டு படியேறினார். "நீ முதல்லேருந்து எண்ணு."