ஆம், இல்லை, பொருந்தாது

பாதுகாப்புக் கேள்வித்தாள் என்று ஒன்று உண்டு. பெரிய நிறுவனம் சின்ன நிறுவனத்திடம் எதையாவது வாங்கப் போகிறது என்றால், ஒப்பந்தத்துக்கு முன்னால் ஒரு எக்ஸெல் கோப்பை அனுப்பும். 200, 300 வரிசைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: ஆம், இல்லை, பொருந்தாது. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அதை யாரும் நிரப்புவதில்லை. நிரப்பினால் அதிலிருந்து இன்னொரு கேள்வி முளைக்கும்.

நான் வேலை செய்யும் இடத்தில் பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கு வருகைப் பதிவு, சம்பளக் கணக்கு மென்பொருள் செய்கிறோம். ஐரோப்பாவில் இருக்கும் பையர் திருப்பூர் ஏற்றுமதியாளருக்குக் கேள்வித்தாளை அனுப்புவார். அவர் அதை அப்படியே எங்களுக்குத் தள்ளிவிடுவார். எங்கள் சேல்ஸ்காரர் எனக்கு அனுப்பிவிட்டு போன் செய்வார்: "ப்ரோ, வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். 'நோ' எதுவும் வராம பாத்துக்கோங்க."

கேள்விகள் மோசமானவை என்று சொல்லமாட்டேன். விவரம் தெரிந்தவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள். சேமித்த தரவை என்கிரிப்ட் செய்கிறீர்களா? ஆம். சாவி எங்கே இருக்கிறது என்று அடுத்த வரிசையில் கேட்டிருந்தால் பல பேருக்கு வேர்த்துவிடும். அதே சர்வரில், பக்கத்து ஃபோல்டரில் சாவி கிடக்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். ஊழியர்களுக்குப் பயிற்சி உண்டா? ஆம். வருடத்துக்கு ஒருமுறை எல்லோர் கணினியிலும் சத்தமில்லாமல் ஓடும் ஒரு வீடியோ. எழுத்துபூர்வமான பாதுகாப்புக் கொள்கை உண்டா? ஆம். அதற்கென்று டெம்ப்ளேட் விற்கிறார்கள், நிறுவனத்தின் பெயரை மாற்றினால் போதும். ஒருமுறை எங்களிடம் வந்த ஒரு கொள்கை ஆவணத்தின் பதினோராம் பக்க அடியில் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. மூன்று ஆடிட்டைத் தாண்டி வந்த ஆவணம் அது.

சான்றிதழ் கதை இன்னும் சுவாரசியம். ஐஎஸ்ஓ 27001 வாங்கிவிட்டோம் என்று வரவேற்பறையில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பார்கள். கிட்டே போய்ப் பாருங்கள். கீழே சின்ன எழுத்தில் 'எல்லை' என்று ஒரு வரி இருக்கும். எந்தக் கட்டடம், எந்தத் துறை, எந்தச் சேவை என்று அந்த வரிதான் சொல்லும். சான்றிதழ் அதற்கு மட்டும்தான். மூன்றாவது மாடிக்கு வாங்கிய சான்றிதழை வைத்து ஆறு மாடியையும் விற்கலாம். பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

இதையெல்லாம் வைத்து 'விதிமுறை இணக்கம் என்பதே நாடகம்' என்று சொல்கிற கோஷ்டி ஒன்று எங்கள் தொழிலில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஆடிட்டர் கேட்கிறார் என்று சொல்லாமல் எந்த முதலாளியிடமும் ஒரு ஃபயர்வாலுக்குக்கூடக் காசு பெயராது. ஆன்லைனில் கார்டு தேய்க்க ஓடிபி கேட்பதை எத்தனை பேர் திட்டியிருப்போம்? 2009 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி அந்த இரண்டாவது பூட்டைக் கட்டாயமாக்கியது. 2022 அக்டோபரிலிருந்து இன்னொன்றும் செய்தது. கார்டு கொடுத்த வங்கியையும் கார்டு நெட்வொர்க்கையும் தவிர வேறு யாரும் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக்கூடாது, அதற்குப் பதில் ஒரு டோக்கன்தான் இருக்கவேண்டும் என்றது. நான் பார்த்த விதிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 'பத்திரமாக வைத்துக்கொள்' என்று அது சொல்லவில்லை. 'வைத்துக்கொள்ளாதே' என்றது. இல்லாததை எவன் திருட முடியும்?

கேள்வித்தாள் ஏன் சங்கிலியின் கடைசிக் கண்ணி வரைக்கும் வருகிறது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவில் டார்கெட் என்று ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனம். 2013 நவம்பர் கடைசியில், அங்கே வருடத்தின் பெரிய ஷாப்பிங் நாட்களில், அதன் பில்லிங் இயந்திரங்களுக்குள் ஒரு திருட்டு மென்பொருள் புகுந்தது. சுமார் 4 கோடி கார்டு எண்கள் போயின. 7 கோடிப் பேரின் பெயர், முகவரி, தொலைபேசி விவரங்களும் போயின. திருடர்கள் நுழைந்தது எந்த வழியாக? டார்கெட்டுக்குக் குளிர்சாதன வேலை செய்துகொடுத்த ஒரு கான்ட்ராக்டர் வழியாக. அவர்களிடம் ஒரு மின்னஞ்சல் மூலம் திருடிய பாஸ்வேர்டை வைத்து உள்ளே வந்துவிட்டார்கள். ஏசி மெக்கானிக்கின் சாவியால் கல்லாப்பெட்டியைத் திறந்த கதை. கேள்வித்தாள் அதற்கு முன்பும் இருந்ததுதான். ஆனால் 'உன் வெண்டர் யார், அவன் வெண்டர் யார்' என்று துருவும் வரிசைகள் அதற்குப் பிறகு பெருகின.

நான் அடிக்கடி யோசிப்பது இதே கதையின் இன்னொரு பக்கத்தை. கார்டு துறையின் பாதுகாப்புத் தரமான பிசிஐ-க்கு இணங்கியதாக டார்கெட் சான்று பெற்றது 2013 செப்டம்பரில். திருட்டுக்கு இரண்டு மாதம் முன்னால்! அது மட்டுமில்லை, 16 லட்சம் டாலர் செலவழித்து ஃபயர்ஐ நிறுவனத்தின் கண்காணிப்புக் கருவியையும் நிறுவியிருந்தார்கள். கருவி வேலை செய்தது. எச்சரிக்கை கொடுத்தது. அதைப் பார்த்தவர்கள் பெங்களூரில் இருந்த டார்கெட்டின் கண்காணிப்புக் குழுவினர். நவம்பர் 30 அன்று அவர்கள் மினியாபொலிஸ் தலைமையகத்துக்குத் தகவல் சொன்னதாகப் பின்னால் செய்திகள் வந்தன, அமெரிக்க செனட் குழுவின் அறிக்கையிலும் அது இடம்பெற்றது. தலைமையகம் எதுவும் செய்யவில்லை. டிசம்பர் 12 அன்று அமெரிக்க நீதித்துறை சொன்ன பிறகுதான் விழித்துக்கொண்டார்கள்.

என் நண்பன் ஒருவன் ஓஎம்ஆரில் இதே வேலையில் இருந்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு கேப் வரும், காலை ஆறரைக்கு இறக்கிவிடும். ஒரு ஷிஃப்டுக்கு நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகள். "நெஜமாவே ஒண்ணு மாட்டுச்சுன்னா என்னடா பண்ணுவ?" என்று கேட்டேன். "டிக்கெட் போடுவேன்." "அப்புறம்?" "அப்புறம் அவன் தூங்கி எந்திரிக்கணும். சர்வரை நிறுத்துற பெர்மிஷன்லாம் எங்களுக்குக் கிடையாது மச்சான். பாக்கறதுக்குத்தான் நாங்க." எச்சரிக்கையைப் பார்த்து எத்தனை நிமிடத்தில் டிக்கெட் போட்டான் என்பதற்குக் கணக்கு இருந்தது, அதை வைத்து மாதாமாதம் மதிப்பெண் போட்டார்கள். டிக்கெட்டை யாராவது திறந்தார்களா என்பதற்கு ஒப்பந்தத்தில் வரிசையே இல்லை. அந்த நவம்பர் 30 அன்று பெங்களூரில் அந்தத் தகவலை அனுப்பியவருக்கு இப்போது என்ன வயதிருக்கும் என்று எனக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கும். அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார்.

போன வருடம் ஒரு கேள்வித்தாளுக்காகத் திருப்பூர் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கே போகவேண்டி வந்தது. வாசலில் ரேகை வைக்கும் மெஷின். தையல், அயர்ன், பேக்கிங் என்று எல்லோரும் காலையில் அதில் விரலை வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பாதிப் பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். மாதக் கடைசியில் கணக்கர் ஒரு பென்டிரைவைச் சொருகி மொத்தத்தையும் எடுத்து ஆபீஸ் கணினிக்குக் கொண்டுபோவார். அந்தக் கணினியில் ஒரு ஷேர்டு ஃபோல்டர். அதில் எல்லோருடைய ஆதார் நகல், வங்கிக் கணக்கு, ஊர் முகவரி, போட்டோ. பாஸ்வேர்டு இல்லை. மெஷினின் அட்மின் பாஸ்வேர்டு கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்ததேதான்.

இதைக் குறிப்பில் எழுதவேண்டுமே என்றேன். கணக்கருக்கு ஐம்பது வயதிருக்கும், நல்ல மனுஷன், டீ வாங்கிக்கொடுத்தார். "அதுல கஸ்டமர் டேட்டா ஒண்ணும் இல்லீங்க சார். லேபர் டேட்டாதானுங்க."

கேள்வித்தாளை மறுபடி புரட்டினேன். அவர் சொன்னது சரி. பையரின் டிசைன் கோப்புகளை யார் பார்க்கலாம், விலைப்பட்டியல் எங்கே இருக்கிறது, ஐரோப்பிய வாடிக்கையாளர் விவரம் ஏதாவது கையாளுகிறீர்களா என்று எல்லாம் இருந்தது. கடைசிக் கேள்விக்கு விடை 'பொருந்தாது'. ஒரு சட்டைக்குக் காலர் தைக்கிற பெண்ணின் விரல் ரேகையைப் பற்றி 240 வரிசையில் ஒரு வரிகூட இல்லை. பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியுமா? இந்த மெஷின்கள் பெரும்பாலும் ரேகையின் படத்தை வைத்திருப்பதில்லை, அதிலிருந்து எடுத்த ஒரு எண் வடிவத்தைத்தான் வைத்திருக்கும் என்பது கொஞ்சம் ஆறுதல். ஆதார் நகல்களுக்கு அந்த ஆறுதலும் கிடையாது.

கேள்வித்தாளில் இல்லாவிட்டால் என்ன, சட்டத்தில் இருக்கிறதே என்று தோன்றும். இருக்கிறது. சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்லவேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு வந்தது. 180 நாள் லாக் வைத்திருக்கவேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. அந்த யூனிட்டில் லாக் என்றால் மரக்கட்டையா என்று கேட்பார்கள். பெரிய நிறுவனங்களில் 6 மணி நேரம் எப்படிப் போகும் தெரியுமா? நடந்தது 'சம்பவம்'தானா என்று பேசியே பாதி போய்விடும். மெயிலில் எதையும் எழுதாதீர்கள் என்று வக்கீல் சொல்வார்.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்தான் பெரியது. நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யாவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். எல்லா கம்ப்ளையன்ஸ் கருத்தரங்கிலும் முதல் ஸ்லைடு இந்த எண்தான். 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன, நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம். சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். அந்த 250 கோடி எங்கே போகிறது? இந்தியத் தொகுப்பு நிதிக்கு. 34-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. தரவைப் பறிகொடுத்தவருக்கு அதிலிருந்து ஒரு பைசா கிடையாது. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு இருந்தது; அலட்சியத்தால் நஷ்டப்பட்டவருக்கு நிறுவனம் இழப்பீடு தரவேண்டும் என்றது. புதுச் சட்டம் அதை நீக்குகிறது. பொய்யாகவோ அற்பமாகவோ புகார் கொடுத்தால் புகார் கொடுத்தவருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது. வேலை தொடர்பான தேவைகளுக்குத் தொழிலாளியின் சம்மதம் இல்லாமலே தரவைப் பயன்படுத்தவும் சட்டம் அனுமதிக்கிறது. கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்கவேண்டும் என்று இருப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை, அது முக்கியமான விஷயம். ஆனால் அந்தப் பெண் தீபாவளியோடு கணக்கு முடித்துக்கொண்டு பாலங்கீர் போய்விட்டால், சிம்மையும் மாற்றிவிட்டால், எந்த எண்ணுக்குத் தெரிவிப்பது?

அன்றைக்கு யூனிட்டில் கணக்கரும் நானும் மெஷினைப் பார்த்தோம். வேலையில் இருப்பவர்கள் 300 சொச்சம். மெஷினில் ஆயிரத்துக்கு மேல். வேலையை விட்டுப் போன யாருடைய ரேகையையும் வாங்கியதிலிருந்து அழிக்கவே இல்லை.

"இதை அழிச்சிரலாமே" என்றேன்.

"நாளைக்கு பிஎஃப் ஆபீஸுல கேட்டாங்கன்னா?"

"சம்பளப் பதிவேடு இருக்கட்டுங்க. அதை அழிக்கச் சொல்லல. ரேகையை அவங்க கேக்க மாட்டாங்களே."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அழிச்சாலும் யாரும் கேக்கப் போறதில்ல, அழிக்காட்டியும் யாரும் கேக்கப் போறதில்லீங்க. எதுக்கும் மொதலாளியை ஒரு வார்த்தை கேட்டுக்கறனுங்க" என்று போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. முதலாளி எதிர்க்கவே இல்லை. பையர் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ. "அழிச்சிருங்க, அழிச்சிருங்க" என்றார் உடனே. வைக்கப்போனவர் ஏதோ ஞாபகம் வந்தாற்போலச் சொன்னார்:

"எதுக்கும் ஒரு பேக்கப் எடுத்து வெச்சுட்டு அழிங்க."

கணக்கர் மேஜை டிராயரைத் திறந்து பென்டிரைவைத் தேட ஆரம்பித்தார்.