கப்பலில் ஒரு கவலை

கவலை என்ற சொல்லைக் கேட்டவுடன் ஏனைய தமிழர்க்கு மனத்துயரம் நினைவுக்கு வருமாயின், கோயமுத்தூர்ச் சீமையில் கிணற்றடியிலே பிறந்து வளர்ந்த என் வயதினர்க்கு, இரண்டு காளைகள் சரிவான வாரியில் இறங்கி வடக்கயிற்றை இழுக்க, இரும்புப் பறி நிறையத் தண்ணீர் மேலேறி வந்து, தும்பி என்னும் தோற்குழாயின் வழியாக வாய்க்காலில் குபுகுபுவென்று கொட்டுகின்ற காட்சிதான் முதலில் கண்முன் நிற்கும். அந்தப் பழங்காட்சி, 2023ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், நாற்புறமும் நீலச் சமுத்திரமன்றி வேறொன்றும் தென்படாத இடத்தில், ஒரு சொகுசுக் கப்பலின் தேகாப்பியாசக் கூடத்திலே எனக்குத் திரும்பக் கிடைத்தது.

என்னைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூர் நகரத்துக் கணபதிப் பகுதியில் நாற்பது ஆண்டுகளாக மோட்டார் ரீவைண்டிங் பட்டறை நடத்தியவன் நான். எரிந்துபோன காயிலைப் பிரித்தெடுத்துப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பதே தொழில்; தொழில் உட்கார்ந்த தொழில்; ஆகவே அறுபதைத் தாண்டியதும் சர்க்கரை வியாதி வந்து சேர்ந்தது. தினமும் முக்கால் மணி நேரம் நடந்தே தீரவேண்டுமென்று வைத்தியர் விதித்துவிட்டபடியால், ரேஸ் கோர்ஸ் சாலையின் இரண்டரைக் கிலோமீட்டர் சுற்றைக் காலைதோறும் ஒருமுறை சுற்றி வருகிறேன். அங்கே போய்ச் சேருவதற்கு ஸ்கூட்டரில்தான் போகிறேன் என்பதை என் மனைவி பலரிடம் சொல்லியிருப்பதால் மறைப்பதில் பிரயோஜனமில்லை.

மகள் தன் குடும்பத்தோடு எங்கள் இருவரையும் அழைத்துச் சென்ற பிரயாணம் இது. சேரன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, விடியலில் சென்னையில் இறங்கி, அன்று மாலையே துறைமுகத்தில் கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பலில் ஏறினோம். பிரான்சு தேசத்துச் சேன் நசேர் துறையில் கட்டப்பெற்று 1990இல் சேவைக்கு வந்த, 48,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல் அது. 2022 ஜூன் மாதம் முதலமைச்சர் கொடியசைக்கச் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கி, மறு ஆண்டு ஜூன் 5ஆம் தேதி முதல் இலங்கைக்கும் போகலாயிற்று. இதே துறைமுகத்திலிருந்துதான், 1926இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ என்ற கப்பல், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்த ஏழை ஜனங்களைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சுமந்து சென்றது. அதில் மலேயா போய் வந்த எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், கப்பலில் தாம் செய்த தேகப்பயிற்சியெல்லாம் பாயைச் சுருட்டுவதும் விரிப்பதும், அலை எழும்பி வரும்போது மூட்டையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுவதுமே என்று சொல்லிச் சிரிப்பார்.

எங்களுக்கோ மூட்டையும் இல்லை, பாயும் இல்லை. விடியல் முதல் நள்ளிரவு வரை ஆகாரம் மட்டும் இருந்தது. இட்டிலியும் பொங்கலும் முடிந்த கையோடு ரொட்டி வகைகள், அவை முடிந்த கையோடு பழத் துண்டங்கள், அதற்குள் மத்தியான்ன விருந்து என்று வரிசை அறாமல் வந்துகொண்டேயிருக்க, கொடுத்த கட்டணத்தில் எல்லாம் அடக்கம் என்ற ஒரே காரணத்தால், வீட்டில் இரண்டு இட்டிலியோடு எழுந்துவிடுகிற மனிதரெல்லாம் மூன்றாவது தட்டை ஏந்தி நிற்பதை அங்கே கண்டேன். நானும் நின்றேன். எங்கள் ஊர் அரிசிம்பருப்புச் சாதம் மட்டும் எங்கும் காணப்படவில்லை. அதுவும் இருந்திருந்தால் என் கதி என்னவாகியிருக்குமோ!

இரண்டாம் நாள் காலை, பதினாறு வயதுப் பேரன் வந்து நின்றான். “அப்பிச்சி, எந்திரிங்க. மேல ஜிம் இருக்குதுங்க. வீட்டுல நடக்கறாப்பல இங்கயும் நடக்கோணும்னு அம்மா சொல்லியுட்டாங்க” என்றான். மகளின் உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது, எழுந்து போனேன்.

கப்பலில் தேகாப்பியாசக் கூடம் வைப்பது இக்காலத்து நாகரிகம் என்று எண்ணியிருந்தேன், அப்படியில்லை. 1912இல் மூழ்கிய ‘டைட்டானிக்’ கப்பலின் படகுத் தளத்திலேயே அத்தகைய கூடம் ஒன்று இருந்திருக்கிறது. துடுப்பு வலிக்கும் யந்திரம், நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள், இவற்றோடு மின்சாரக் குதிரையும் மின்சார ஒட்டகமும் அங்கே உண்டு. முதல் வகுப்புப் பிரயாணிகள் அந்த ஒட்டகத்தின்மேல் அமர்ந்து குலுங்குவார்கள். குலுங்கினால் குடல் சீராகும் என்பது அக்காலத்து நம்பிக்கை. மெக்காலி என்ற பயிற்சியாளர் அந்தக் கூடத்துக்குப் பொறுப்பாயிருந்தார். கப்பலோடு அவரும் போய்விட்டார். மூன்றாம் வகுப்பார்க்கு ஒட்டகம் கிடையாது. அவர்களுடைய குடல் தானாகவே சீராயிருந்தது போலும்.

எங்கள் கூடத்தில் ஒட்டகம் இல்லை; டிரெட்மில் என்ற ஓடும் பட்டை யந்திரங்கள் கண்ணாடிச் சுவரைப் பார்த்தபடி நின்றன. பேரன் ஒரு சிவப்புக் கயிற்றின் நுனியை என் சட்டையில் கவ்வவிட்டு, “தடுமாறினா இந்தக் கயிறு இழுத்துக்கும், மெஷின் நின்னு போயிருமுங்க” என்று விளக்கினான். ஏறுவதற்கு முன்னால், பழக்கதோஷத்தால், நான் மண்டியிட்டு யந்திரத்தின் முன்மூடியின் கீழே தலையை நுழைத்துப் பார்த்தேன். பாலக்காட்டுப் பக்கத்தவனான பயிற்சியாளப் பையன் பதறிப்போய் ஓடிவந்து, “எதாவது விழுந்து போச்சா சார்?” என்றான்.

“இல்லைங்க தம்பி, மோட்டார் எத்தனை எச்.பி.ன்னு பாக்கறேன்.”

மூன்று எச்.பி. என்று அவனே சொன்னான். ஒரு மனிதன் நெடுநேரம் சலியாமல் தரக்கூடிய வலிமை ஏறத்தாழ ஒரு எச்.பி.யில் பத்தில் ஒரு பங்கு என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அப்படியாயின், முப்பது ஆட்களின் வலிமையுடைய மோட்டார் ஒன்று, சர்க்கரை வியாதிக்காரன் ஒருவனை நின்ற இடத்திலே நடக்கச் செய்வதற்காக உழைக்கிறது! ஏறி நடந்தேன். பேரிங் சப்தமில்லாமல் சுற்றியது. என் செவிக்கு அது சங்கீதம். கால் நடந்தது, கண்ணாடிக்கு அப்பால் கடல் அப்படியே நின்றது.

அப்போதுதான் என் பாட்டனாராகிய அப்பாருவின் கவலை நினைவுக்கு வந்தது. கோழி கூப்பிடும் வேளையில் காளைகளைப் பூட்டினாரானால் வெயில் ஏறும் மட்டும் அவருக்கும் காளைகளுக்கும் ஒரே நடைதான். காளைகள் சரிவில் இறங்கும்போது வடத்தின்மேல் தாமும் ஏறி உட்கார்ந்து பாரம் கொடுப்பார். கீழே வந்ததும் கையிலுள்ள வால்கயிற்றைத் தளர்த்துவார். தும்பி வாய் திறந்து தண்ணீரைக் கக்கும். உடனே காளைகளைப் பின்னோக்கி மேலேற்றுவார். ஒரு கல்தூரங்கூட நகராமல், அதே இருபது முப்பது அடிக்குள், ஒரு நாளில் எத்தனை கல் நடந்தாரென்று அவர் எண்ணிப் பார்த்ததில்லை. வரப்பு எத்தனை நனைந்தது என்பதே அவருடைய கணக்கு. என் முன்னாலிருந்த சிறு திரையோ நான் நடந்த தூரத்தையும், எரித்த காலரியையும், நாடித் துடிப்பையும் பிசகின்றி எண்ணிக்கொண்டிருந்தது. அரை மணிக்கு 140 காலரி. முந்தின இரவு உண்ட ஒரு குலோப்ஜாமூனுக்கு ஈடு. நான் உண்டது மூன்று.

1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீரிலிருந்து மின்சாரம் பிறந்து எங்கள் சமவெளிக்கு இறங்கியதும், 1937இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே முதன்முதலாக மின்மோட்டாரைக் கோவையில் செய்து காட்டியதும், அதன்பின் பம்புசெட் தொழில் பெருகிக் கிணறுதோறும் மோட்டார் இறங்கியதும், கொங்கு நாட்டார் பெருமையோடு சொல்லிக்கொள்கிற சரித்திரம். எங்கள் கிணற்றில் மோட்டார் ஓடத் தொடங்கிய அன்று எனக்குப் பத்து வயது. அப்பாரு கவலை வடத்தைச் சுருட்டிச் சாளையின் உத்தரத்தில் மாட்டினார். மாட்டின் கழுத்தும் மனிதனின் முதுகும் பிழைத்தன. அதை நான் குறைசொல்ல மாட்டேன், சொன்னால் சோறு போட்ட தொழிலுக்குத் துரோகம். நடையிலிருந்து நம்மை விடுவித்த மோட்டாரே இப்போது காலடியில் வந்து உட்கார்ந்துகொண்டு ‘நட, நட’ என்று விரட்டுகிறதே என்பதுதான் என் வியப்பு.

மூன்றாம் நாள் விடியலில், இலங்கையின் தென்கிழக்கு மூலையைச் சுற்றி அம்பாந்தோட்டையை நாடிச் சென்றபோது, ஆனி மாதத்துத் தென்மேற்குப் பருவக்காற்று கிளப்பிய பேரலைகள் எதிர்ப்பட்டன. பக்கவாட்டு ஆட்டத்தை அடக்குவதற்குப் பயணக் கப்பல்களின் அடிவயிற்றில் துடுப்புகள் வைத்திருக்கிறார்கள். முன்னும் பின்னுமாக ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு அவை பெரிதும் உதவா. கப்பலின் தலை மேலெழும்போது என் யந்திரம் மருதமலைப் படியாயிற்று. தலை தாழும்போது கவலை வாரியாயிற்று. நான்காம் அலையில் கால் பின்னி, சிவப்புக் கயிறு கழன்று வர, யந்திரம் நின்றது. தும்பி கக்கிய தண்ணீர்போல நான் பின்னால் சரிந்து, பேரனின் கையில் விழுந்தேன். காயமில்லை. எழுந்து அருகிலிருந்த எடைப் பலகையில் ஏறி நின்றால், அது 77 என்றும் 80 என்றும் மாறி மாறிச் சாட்சி சொல்லிற்று. கப்பல் எழத் தொடங்கும்போது பாரம் கூடும், இறங்கத் தொடங்கும்போது குறையும். அங்கே எடைக்கு ஸ்திரமான உண்மை கிடையாது.

இவ்வளவையும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, “ஏனுங், தண்ணி ஏறாத கவலைய எத்தன நேரமுங் ஓட்டுவீங்க? வெளிய வாங்க” என்றாள்.

வெளியே போனோம். அதற்குப் பின் நாங்கள் நடந்ததெல்லாம் திறந்த மேல்தளத்தில்தான். ஆடும் தளத்தில் நடப்பதற்குப் பாதத்தைச் சற்று அகற்றி வைத்து, முழங்காலைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். சேற்று வயலில் நடந்து பழகிய அவளுக்கு அது இரண்டு சுற்றில் கைவந்தது, எனக்கு ஒரு நாள் பிடித்தது. பதினொரு தளக் கப்பலில் லிப்டைத் தொடுவதில்லை என்று அவளே தீர்மானம் செய்தாள். திருகோணமலைத் துறையை அணுகிய காலையில், கோணேசர் மலை கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தபடி ஒன்பது சுற்று நடந்தோம். எத்தனை காலரி என்று யாரும் எண்ணவில்லை. பேரன் மட்டும் கடைசி நாள் வரை யந்திரத்திலேயே ஓடினான். பதினாறு வயதில் எதன்மேல் ஓடினாலும் நல்லதுதான்.

ஊரில் என் பட்டறையில் பழைய செம்புக் கம்பி நிறுக்கும் தராசு ஒன்று உண்டு. ஐம்பது கிராம் பிசகினாலும் வியாபாரி விடமாட்டான், ஆதலால் நம்பத் தகுந்தது. புறப்படும் நாளில் அதன்மேல் ஏறி நின்றபோது 78 கிலோ 200 கிராம். திரும்பிய மறுநாள் 78 கிலோ 900. இரண்டையும் பட்டறைப் பையன் பழைய செம்புக் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான்.