வியாழனில் எரிந்த கலம்

2003 செப்டம்பர் 21 அன்று கலிலியோ என்னும் விண்கலம் வியாழன் கோளுக்குள் பாய்ந்து அழிந்தது. விபத்தன்று, அனுப்பிய நாசா நிறுவனத்தாரே வேண்டுமென்று செய்தது. 1610-இல் வியாழனின் நான்கு பெரு நிலவுகளைக் கண்டவரின் பெயர் அதற்கு. நம் திருச்சபை வரலாற்றில் எளிதில் கடந்துபோக முடியாத பெயர்.

அந்நிலவுகளுள் ஒன்று யூரோப்பா. அதன் பனி ஓட்டின் அடியில் உப்புநீர்க் கடல் இருப்பதற்கு வலுவான சான்று தந்தது இந்தக் கலமே. ஆனால் 1989-இல் புறப்படுகையில் அது கிருமிநீக்கம் செய்யப்படவில்லை. எரிபொருள் தீர்ந்து யூரோப்பாவின்மேல் விழுந்திருந்தால், அதில் ஒட்டியிருந்த நுண்ணுயிர்கள் என்றேனும் அக்கடலைச் சேர்ந்திருக்கலாம். தான் கண்டுணர்த்திய கடலுக்குத் தானே ஊறாகிவிடாதபடி அது எரிந்தது.

இருக்கிறதா என்றே தெரியாத உயிருக்காக இத்தனை செலவா என்று கேட்பாரும் உளர். தெரியாததனாலேயே இவ்வளவு கவனம் தேவை என்று நாம் எண்ணுகிறோம். நம் கிருமி அங்கே பெருகிவிட்டால், பின்னர் காண்பது அவ்வுலகின் உயிரா, நாம் கொண்டுபோனதா என்று பிரித்தறிவது அரிதாகிவிடும், மீட்டெடுக்கவும் இயலாது. தீங்குதரும் மாசினைத் தவிர்க்குமாறு 1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தமும் பணிக்கிறது. பன்னாட்டு அறிவியலாரின் நெறிப்படி, யூரோப்பாவின் கடலை மாசுபடுத்தும் வாய்ப்பு 10,000-இல் ஒன்றுக்கும் குறைவாக இருத்தல் வேண்டும். முற்றிலும் தூய்மையாக்க மனிதரால் ஆகாது என்னும் ஒப்புதலும் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

2017-இல் காசினி கலமும் இவ்வாறே சனிக்கோளுக்குள் செலுத்தப்பட்டது. 2024 அக்டோபரில் புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர் 2030-இல் வியாழனை அடைய வேண்டும். பணி முடிந்தபின் அதனைக் கானிமீடு நிலவின்மேல் மோதவிட எண்ணியுள்ளனர். அங்கும் ஆழத்தே கடலுண்டு என்கின்றனர். பனி ஓடு மட்டும் மிகத் தடித்தது.